முப்பது டிகிரிக்குக் கீழே

முசஃபாவில் டயர்க் கடைக்கும்
வெல்டிங் பட்டறைக்கும் நடுவே என் மருந்துக்கடை.
இரவு பதினொன்றுக்கு ஷட்டரைப் பாதி இறக்கியபோது
குனிந்து நுழைந்தார் ரெமிஜியூஸ்,
பெரியதாழைக்காரர், கிரேன் ஓட்டுபவர்.
மாத்திரை அட்டையைக் கண்ணாடிமேல் வைத்தார்.
"இதுக்குக் கேட்கலை மேடம்."

கேட்கலை.
நோயை ஏதோ பிடிவாதக் குழந்தை மாதிரி
நாம்தான் இப்படிச் சொல்கிறோம்.
கல்லூரியில் எனக்கு வேறு சொன்னார்கள்:
மருந்துக்குக் காதும் இல்லை, முகவரியும் தெரியாது.
இரத்தம் போகும் இடமெல்லாம் போகும்,
பெருவிரல் நகத்தடி, கண்ணிமை,
சம்பந்தமே இல்லாத ஈறு.
பொருந்தும் இடத்தில் ஒட்டும்.
மற்ற இடத்தில் பேருந்தில் தூங்குகிறவன்போலக் கடந்துபோகும்.
புதிதாக எதையும் அது கட்டுவதில்லை;
உடம்பு ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைக்
கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும்.
அவ்வளவுதான் இந்த அலமாரி முழுக்க.

கையில் பட்டையைச் சுற்றினேன்.
நூற்று எழுபத்தெட்டு, நூற்றெட்டு.
அட்டையில் முப்பதுக்குப் பத்தொன்பது மீதி;
தேதிப்படி போன வாரமே தீர்ந்திருக்க வேண்டும்.

நான் வாய் திறக்கும் முன்பே சொன்னார்:
"நீர் மாத்திரை மேடம் இது.
காலைல போட்டா பத்து மணிக்கு முட்டும்.
நான் அறுபது மீட்டர் மேல இருக்கேன்.
இறங்க இருபது நிமிஷம், ஏற அரை மணி.
ஃபோர்மேன் வாட்சைப் பார்த்துட்டே நிப்பான்."

இரண்டு மணி நேரத்தில் தொடங்கும், நான்கில் உச்சம்.
பரீட்சைத் தாளில் நான் ஸ்கேல் இல்லாமலே
அழகாக வரைந்த மலை அது.
அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டும்
உள்ளே தொடையை இறுக்கி உட்கார்ந்திருக்கும் ஆளும்
படத்தில் இல்லை.

டாக்டர் மம்தூஹைப் போனில் எழுப்பினேன்.
திட்டினார். கேட்டார். மாற்றி எழுதினார்.

"இது வேற. ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள
கால்சியம் நுழையிற கதவை ஒருக்களிச்சு வைக்கும்.
சுவர் தளரும். முட்டாது.
ஆனா நாளைக்கே எதிர்பார்க்காதீங்க.
நாற்பது மணி நேரம் ஆனாலும் பாதிதான் வெளியேறும்,
அந்த மிச்சத்துமேல அடுத்த மாத்திரை,
அதோட மிச்சத்துமேல அதுக்கடுத்தது.
வரவும் போக்கும் சமமாக ஒரு வாரம், பத்து நாள்."

"போடறது முழுசும் போய்ச் சேருமா?"

"கல்லீரல் வழியில கொஞ்சம் எடுத்துக்கும்."

"எக்ஸ்சேஞ்சுக்காரன் மாதிரி," என்றார்.
அடுத்த வாரம் ஒரு நேபாளிக்கு இதையே சொன்னேன்,
என் சொந்தச் சரக்குபோல.

பெட்டியின் பக்கவாட்டில் அரபியிலும் ஆங்கிலத்திலும்:
முப்பது டிகிரிக்குக் கீழே வைக்கவும்.
கடையில் ஏசி நின்றால் அலாரம் அலறும்.
அன்று பகல் வெளியே நாற்பத்தேழு.
பெட்டியைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.
"மேல கொண்டுபோகாதீங்க, ரூம்லயே வைங்க.
சூடு ஆகாது."
"யாருக்கு?"
"மருந்துக்கு," என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

பன்னிரண்டாம் நாள் வந்தார்.
நூற்று நாற்பத்திரண்டு, எண்பத்தெட்டு.
கணுக்காலில் சாக்ஸின் ரப்பர் வரி
ஆழமாகப் பதிந்திருந்தது;
முகவரி தெரியாதது அங்கேயும் போயிருக்கிறது.
டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.
"தண்ணி குடிக்கிறீங்களா?"
பதில் சொல்லாமல் எடை மிஷினைப் பார்த்தார்.

மாத்திரையை மாற்ற முடிந்தது.
கூண்டில் கழிப்பறை
மருந்துக்குக்கூட இல்லை.

போகும்போது வாசலில் நின்று,
"வாய் அகலமான காலி பாட்டில் ஏதாவது..." என்றார்.
கிடங்கில் ஒன்று இருந்தது, ஐந்து லிட்டர்.
கழுவிக் கொடுத்தேன்.
இந்தக் கடையிலிருந்து லேபிள் இல்லாமல்
எதுவும் வெளியே போகக் கூடாது.
பேனாவைத் திறந்தேன்,
வேளைக்கு எவ்வளவு என்று எழுதுவது,
மூடினேன்.